நீல மூடிக் குழாயில் என் ரத்தம்

முதலில் வலித்தது தாடை. பெங்களூரில் ரயிலை விட்டு இறங்கி மேம்பாலப் படிகளில் பாதி ஏறியதும், கீழ்த்தாடையின் இடது பக்கத்தை யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போலிருந்தது. மேலே போய் நின்றால் போய்விட்டது. மறுநாளும் அதே படி, அதே வலி. கடைவாய்ப் பல் சொத்தை என்று நானே முடிவு செய்து, கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு ஒரு மாதம் ஓட்டினேன். நான் படி ஏறுவது பல்லுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

என் பெயர் விசாகா. வயது நாற்பத்தொன்பது. கோலார் தங்கவயலில் நந்திதுர்க் பக்கம் லைன் வீடு (சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டியது). வேலை பெங்களூரில், ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். இருபத்திரண்டு வருடங்களாக அங்கே ரத்தம் உறையும் பரிசோதனைகள் எல்லாம் என் மேஜையில்தான் நடக்கின்றன. நீல மூடி போட்ட குழாய் வந்தால் அது எனக்கு. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். உறைதல் மேஜைக்காரிக்கு என்ன வந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ "நிலையற்ற நெஞ்சுவலி" என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் உயிரோடு இருக்கிறேன், நன்றாகவே இருக்கிறேன். இனி பயப்படாமல் படிக்கலாம்.

தாடைக்குப் பிறகு நெஞ்சு. ஆடி மாதம் அது. எங்கள் ஊரில் ஆடிக்காற்று அடித்தால் சயனைடு மேட்டிலிருந்து (தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண்குன்று, டம்ப்பு என்போம்) வெள்ளைத் தூசி கிளம்பி வீட்டுக்குள் வந்து சோற்றில் விழும். ஆகவே எங்களுக்கு நெஞ்சில் எது வந்தாலும் அது தூசிதான். என் கணவர் அசோகன் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். பாலத்தில் ஏறும்போது நெஞ்சு இறுக்குகிறது என்று அவரிடம் சொன்னேன்.

"டம்ப்பு தூசிதான். இன்னாத்துக்கு முகத்த மூடாம போற? உங்கப்பனுக்கு வந்தா மாரியே உனுக்கும் வருது பாரு."

அப்பா சுரங்கத்தில் முப்பது வருடம் இருந்தார். தூசி நுரையீரலில் படிந்துதான் போனார். நான் சுரங்கத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனாலும் அந்தப் பதில் எனக்கு நியாயமாகப் பட்டது. துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு ரயிலேறினேன்.

ரயிலைப் பற்றிச் சொல்லாமல் இந்த நோயைச் சொல்ல முடியாது. விடியும் முன்பே மாரிகுப்பத்தில் கிளம்பும் வண்டி. எங்கள் ஊரின் பாதி அதில்தான் வேலைக்குப் போகிறது. பெண்கள் பெட்டியில் ஒவ்வொருவருக்கும் எழுதாத சட்டமாக ஓர் இடம் உண்டு. ஒருத்தி அவரைக்காய் உரிப்பாள், ஒருத்தி பூக் கட்டுவாள், ஒருத்தி பக்கத்துத் தோளில் சாய்ந்து குறட்டை விடுவாள். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். கூட்டம் ஏறிவிட்டால் கழிப்பறைக்குப் போவது என்பது நடக்காத காரியம். போனாலும் உள்ளே தண்ணீர் இருக்காது. அப்புறம் வேலை செய்யும் இடம். தையல் ஃபேக்டரிக்குப் போகும் பெண்களுக்கு பாத்ரூமில் எத்தனை நிமிடம் என்று சூப்பர்வைசர் நின்று பார்ப்பான்.

இந்த வாழ்க்கையில் மாதவிடாய் வந்தால் என்ன செய்வீர்கள்? அதுவும் நாற்பத்தைந்துக்கு மேல், கர்ப்பப்பையில் சதைக்கட்டி வந்து, குழாயைத் திறந்துவிட்ட மாதிரி போகும் வயதில்?

அதற்குத்தான் பேபி அக்காவின் டிபன் மூடி. பேபி அக்கா எங்கள் பெட்டியின் தலைவி. தையல் ஃபேக்டரியில் காலர் வைப்பவர். ஐம்பத்திரண்டு வயது. டிபன் பாக்ஸின் மேல் மூடியில் மாத்திரை அட்டைகளை அடுக்கி வைத்திருப்பார். தலைவலிக்கு ஒன்று, வாயுவுக்கு ஒன்று, பிறகு "நிறுத்துற மாத்திரை". யாராவது முகம் வெளுத்து ஏறினால் கேட்கவே மாட்டார். அட்டையைக் கிள்ளிக் கையில் வைத்துவிடுவார்.

"முழுங்குடி. சாயந்திரம் வரைக்கும் ஜம்முனு இருக்கும்."

உண்மையிலேயே ஜம்மென்று இருக்கும். அது டிரானெக்சமிக் ஆசிட் மாத்திரை (உறைந்த ரத்தம் கரையாமல் பார்த்துக்கொள்ளும் மருந்து). மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் அருமையான மருந்து, எத்தனையோ பெண்களைக் காப்பாற்றுகிறது. ஒன்றரை வருடமாக மாதம் நான்கைந்து நாள், வேளைக்கு இரண்டாக நான் அதை விழுங்கிக்கொண்டிருந்தேன். யாரிடமும் காட்டவில்லை. ரத்தம் உறைவதையே தொழிலாகக் கொண்டவள் ரயிலில் கைமாற்றி மாத்திரை தின்கிறாள். சிரிப்பாகத்தான் இருக்கிறது, இப்போது.

ஒரு நாள். எனக்கு மாதவிடாயின் இரண்டாம் நாள். ரயிலில் மாத்திரை போட்டுக்கொண்டேன். பாலம் ஏறினேன், இறுக்கியது, நின்றேன், போகவில்லை. மெதுவாக நடந்து லேப் வந்து சேர்ந்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சில் ஒரு மூட்டை வந்து உட்கார்ந்தது. தாடை, இடது தோள், முதுகு எல்லாம் சேர்ந்து இழுத்தன. வேர்த்துக் கொட்டியது.

என்னுடன் வேலை செய்பவள் சைத்ரா. கோலார்க்காரி, வயதில் என் பாதி. அவள் என் முகத்தைப் பார்த்த பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. சக்கர நாற்காலி வந்தது, ஈசிஜி எடுத்தார்கள். நிமிர்ந்து இருக்க வேண்டிய இடத்தில் கோடுகள் கவிழ்ந்து கிடந்தன. சைத்ரா ரத்தம் எடுத்தாள். சிவப்பு மூடி, ஊதா மூடி, நீல மூடி. அந்த நீல மூடிக் குழாயில் என் ரத்தம் ஏறுவதைப் பார்த்தபோது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், வலிக்கு நடுவில் எனக்கு ஒரு குறுகுறுப்பு. ஆயிரக்கணக்கான பேரின் ரத்தத்தைச் சுழற்றிப் பார்த்திருக்கிறேன். என்னுடையதை இதுவரை பார்த்ததில்லை!

"கோடு வரைக்கும் நிரப்புடி. குறைஞ்சா ரிசல்ட் தப்பா வரும்," என்றேன்.

"சும்மா இருங்க அக்கா," என்று அழுதுகொண்டே நிரப்பினாள்.

டிரோபோனின் (இதயத்தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் புரதம்) இல்லை என்று வந்தது. மூன்று மணி நேரம் கழித்து எடுத்ததிலும் இல்லை. ஆகவே மாரடைப்பு இல்லை. ஆனால் மாரடைப்பின் வாசற்படி. இதய நிபுணர் டாக்டர் ஹேமலதா மேலேயிருந்து இறங்கி வந்தார். கன்னடத்தில் பேசுவார், நான் கன்னடத்தில் பதில் சொல்வேன். இங்கே தமிழில் தருகிறேன்.

"ரத்தக்குழாயில படிஞ்ச கொழுப்பு வெடிச்சிருக்கு விசாகா. வெடிச்ச இடத்துல ரத்தம் உறைஞ்சு நிக்குது. முழுசா அடைக்கல. அடைக்கலாம், அடைக்காமலும் போகலாம். அதுதான் நிலையற்றதுன்னு சொல்றோம். உறையாம இருக்க மருந்து ஏத்துறேன். நாளைக்கு காலைல ஆஞ்சியோ."

பிறகு கேட்டார்: "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

அசோகன் அதற்குள் அடுத்த வண்டியைப் பிடித்து வந்து கட்டிலருகே நின்றிருந்தார். சைத்ரா நின்றிருந்தாள். லேப் மேலாளர் நின்றிருந்தார். உறைதல் மேஜைக்காரி, பேபி அக்காவின் டிபன் மூடி, இரண்டாம் நாள் என்று எல்லாவற்றையும் இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும்.

"இல்ல டாக்டர்," என்றேன்.

இந்தக் கட்டுரையில் நான் வெட்கப்படுகிற ஒரே வார்த்தை அதுதான்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் (இரண்டும் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுப்பவை) கொடுத்தார்கள். ஹெபாரின் (உறைதலைத் தடுக்கும் மருந்து) சொட்டுச் சொட்டாக ஏறத் தொடங்கியது. வலி அடங்கியது. படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். பயத்தை விரட்ட எனக்குத் தெரிந்த மந்திரம் ஒன்றுதான். உறைதல் காரணிகளைச் சொல்லிப் பார்ப்பது.

ரத்தத்தில் பதின்மூன்று வரை எண் போட்ட காரணிகள் இருக்கின்றன (உறைவதற்கு உதவும் பொருள்கள், பெரும்பாலும் புரதங்கள்). இதில் ஆறாம் நம்பர் கிடையாது. முதலில் இருக்கிறது என்று நம்பர் கொடுத்துவிட்டார்கள். பிறகு பார்த்தால் அது ஐந்தாம் நம்பரேதான், வேஷம் மாற்றி வந்திருக்கிறது. ஆறைத் தூக்கிவிட்டு வரிசையை அப்படியே விட்டுவிட்டார்கள். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் ஆறாம் காரணியைத் தேடச் சொல்லி விளையாடுவது என் வழக்கம்.

சும்மா ஓடுகிற ரத்தத்தில் இவை எல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும். எங்காவது குழாய் கிழிந்தால் ஒன்று விழித்து அடுத்ததை எழுப்பும், அது அதற்கடுத்ததை எழுப்பும். எங்கள் ஊர் ஷாஃப்டில் (சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழி) அடியிலிருந்து மணி அடித்தால் மேலே ஒருவர் கேட்டு மறுமணி அடிப்பார், அதைக் கேட்டு இன்ஜின்காரர் ஆள் ஏற்றும் கேஜைத் தூக்குவார் என்று அப்பா சொல்வார். அப்படித்தான். கடைசியில் திராம்பின் என்ற காரணி எழுந்து, கரைந்து கிடக்கும் ஃபைப்ரினோஜனை (முதலாம் காரணி) நூலாகத் திரிக்கும். அந்த நூல் தட்டணுக்களின் மேல் வலையாகப் பின்னி ஓட்டையை அடைக்கும். எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் புல்லரிக்கும் இடம் அது. யாரும் கட்டளையிடாமல், ஒரு துளிக்குள், சில நிமிடங்களில்!

அடைத்ததோடு முடியவில்லை. வலை பின்னும்போதே உடம்பு அதை அறுக்கும் ஆளையும் அனுப்பிவிடும். அதன் பெயர் பிளாஸ்மின். வேலை முடிந்ததும் வலையை மெல்ல மெல்லக் கரைப்பது அதன் வேலை. என் இதயக்குழாயில் இந்த நிமிடம் நூல் பின்னப்பட்டுக்கொண்டும் அறுக்கப்பட்டுக்கொண்டும் இருக்கிறது, அறுக்கும் பக்கம் ஜெயித்தால் நான் பிழைப்பேன் என்று நினைத்தேன். அந்தப் பிளாஸ்மினை யார் தடுப்பார்கள் என்ற அடுத்த வரி தானாக வாயில் வந்தது. மாணவிகளுக்கு நூறு முறை சொன்ன வரி.

டிரானெக்சமிக் ஆசிட்.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அறுக்க வந்தவனின் கையை நானே கட்டிப் போட்டிருக்கிறேன், காலையில், அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தவளுக்கு எதிரில் உட்கார்ந்து. அது மட்டுமல்ல. மாத்திரையின் வேகம் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். அது பிடித்து வைத்திருந்த இரண்டாம் நாள் ரத்தம் திறந்துகொள்ளும். மேலே ஹெபாரின் ஏறிக்கொண்டிருக்கிறது. இதயத்தில் அடைத்துச் சாவேன், இல்லாவிட்டால் கீழே வடிந்து சாவேன். இரண்டுக்கும் காரணம் "இல்ல டாக்டர்".

மணியை அழுத்தினேன். வந்த நர்ஸ் மலையாளி, சின்னப் பெண். "டாக்டரைக் கூப்பிடுங்க, நான் பொய் சொல்லிட்டேன்," என்றேன். அவள் திகைத்தாள். ஆனால் ஓடினாள்.

டாக்டர் ஹேமலதாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மாத்திரையின் பெயர், எத்தனை மாதம், கடைசியாக எந்த ஸ்டேஷனில் விழுங்கினேன், பேபி அக்கா, டிபன் மூடி. திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அந்த மாத்திரையாலதான் இது வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார் டாக்டர். "கொழுப்பு வருஷக்கணக்கா படியறது. ஆனா வெடிச்ச இடத்துல உறைஞ்சது கரையாம நிக்க அது கை கொடுத்திருக்கலாம். நீங்க சொல்லாம விட்டிருந்தா நான் ராத்திரி பூரா ஹெபாரின் ஓட்டியிருப்பேன்." நர்ஸைப் பார்த்தார். "ஆஞ்சியோ நாளைக்கு இல்ல. இப்ப."

அசோகன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே," என்றார்.

"உங்ககிட்ட சொன்னா தூசின்னு சொல்லுவீங்க," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தினார்கள். தொடை வழியாகப் போனால் ரத்தக்கசிவு அதிகமாகலாம் என்பதால் மணிக்கட்டு. நான் விழித்திருந்தேன். சாயம் செலுத்தியதும், தலைக்கு மேல் திரையில் என் இதயக்குழாய்கள் கறுப்பாக ஓடின. இடது பக்கத்துப் பெரிய குழாயில் ஓர் இடத்தில் கறுப்பு மெலிந்து நூலாகி, மறுபடி விரிந்தது. அந்த நூலின் ஓரத்தில் மங்கலாக ஒரு நிழல் மிதந்தது. அதுதான் உறைந்த ரத்தம் என்றார் டாக்டர். என் திராம்பின் செய்தது. என் ஃபைப்ரினோஜன் திரித்தது. பயந்திருக்க வேண்டும், ஆனால் நான் கத்தியே விட்டேன்: "பார்த்தேன் டாக்டர், பார்த்தேன்!"

"ஆடாதீங்க," என்றார் அவர்.

பலூன் ஊதி, ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் வலைக்கம்பி) வைத்தார்கள். நூலாக இருந்த இடத்தில் கறுப்பு குபுகுபுவென்று பாய்ந்தது. நெஞ்சிலிருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஹெபாரினை நிறுத்தினார்கள். ஒரு பக்கம் ஜெயித்தாயிற்று.

மறுபக்கம் அன்றிரவே திறந்தது. விவரம் வேண்டாம். பெண்களுக்குப் புரியும், ஆண்கள் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ஏற்கெனவே ஒன்பதாக இருந்த ஹீமோகுளோபின் (ரத்தத்தின் சிவப்புச் சத்து) மறுநாள் மதியம் ஏழுக்குக் கீழே போனது. என் கட்டிலின் இரு பக்கமும் இரண்டு டாக்டர்கள். இதயத்துக்கு ஹேமலதா, கர்ப்பப்பைக்கு இன்னொரு அம்மா.

"ரெண்டு மாத்திரையில ஒண்ணை நிறுத்த முடியுமா?" என்றார் அந்த அம்மா.

"வச்சு ஒரு நாள்தான் ஆகுது. நிறுத்தினா ஸ்டென்ட் அடைச்சிடும். அடைச்சா நேரம் கிடைக்காது."

"நிறுத்தலைன்னா இவங்க வடிஞ்சிடுவாங்க."

இருவரும் என் தலைக்கு மேல் பேசிக்கொண்டார்கள். என் லேபில் இருந்தால் நானும் ஒரு கருத்துச் சொல்லியிருப்பேன். இங்கே நான் குழாய்க்குள் இருக்கிற சரக்கு. அப்போது வந்த பயம் நெஞ்சுவலி நேரத்தில்கூட வரவில்லை. அது திடீரென்று வந்தது, இது கண்ணெதிரே போனது. கை கால் சில்லிட்டன. எனக்கு வாழ வேண்டும் என்று அவ்வளவு ஆசை இருக்கிறது என்பது அந்த மத்தியானம்தான் தெரிந்தது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ரயிலில் என் ஜன்னலோர இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்களே என்று அழுதேன்.

முடிவு இப்படி ஆனது. இரண்டு இதய மாத்திரைகளும் தொடரும். போகிற ரத்தத்துக்கு ரத்தம் ஏற்றுவது. மாதப் பெருக்கின் வேகம் தணியட்டும் என்று பொறுப்பது. கொஞ்சம் குறைந்ததும் கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் லூப் வைப்பது (உள்ளிருந்தே மருந்தைக் கசியவிட்டுக் கர்ப்பப்பையின் உட்சுவரை மெலிய வைக்கும் சின்னக் கருவி).

முதல் பை ஏறும்போது சைத்ரா மேலே வந்தாள். கையில் ஒரு தாள். டாக்டர் கேட்காமலேயே, மிச்சமிருந்த நீல மூடிக் குழாயில் என் ஃபைப்ரினோஜனைப் பார்த்திருக்கிறாள். எகிறிப்போய் இருந்தது.

"அக்கா, உங்க ரத்தம் கஞ்சி மாதிரி இருக்கு," என்றாள்.

டாக்டர் ஹேமலதா தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். உடம்பு வேதனையில் இருக்கும்போது ஃபைப்ரினோஜன் ஏறும், அந்த எண்ணை வைத்து உங்கள் வைத்தியம் எதுவும் மாறாது என்றார். இதயக் குழாயில் கொழுப்பு வெடித்தவர்களில் பலருக்கு உறைகிற பக்கம் கை ஓங்கியே இருக்கும், வீட்டுக்குப் போன பிறகும் கொஞ்ச காலம் அப்படியே இருக்கும், அதனால்தான் மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது என்கிறோம் என்றார். இதை நீங்களும் மனதில் வையுங்கள். வலி போய்விட்டது, ஸ்டென்ட் வைத்தாயிற்று, இனி எதற்கு மாத்திரை என்று தோன்றும். உள்ளே அந்த மணி இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இரண்டு பை ஏறியது. நான்காம் நாள் பெருக்கு மட்டுப்பட்டது. லூப் வைத்தார்கள். கர்ப்பப்பையிலிருந்து துணுக்கு எடுத்துப் பரிசோதித்ததில் கெட்டது ஒன்றும் இல்லை. எட்டாம் நாள், இரண்டு பக்கமும் தப்பித்தவளாக, ஹீமோகுளோபின் ஒன்பதரையோடு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாளே பேபி அக்கா வந்தார். ஒரு டஜன் ஆரஞ்சுப் பழம். வாசலைத் தாண்டி வரவே தயங்கினார்.

"இன்னாம்மா, என்னாலதானா? எல்லாரும் என்னையே பாக்குறாங்க. நானும்தான் அத்தயே துன்னுகினு இருந்தேன். நல்லதுன்னுதான குடுத்தேன்."

"உள்ள வாங்கக்கா. நீங்க கையில வச்சீங்க, வாயில போட்டது நான். எனுக்கு அது இன்னான்னு தெரியும், உங்களுக்குத் தெரியாது. அப்ப யார் மேல தப்பு?"

அவர் அழுதார். நானும் அழுதேன். பிறகு ரத்த அழுத்தக் கருவியைக் கொண்டுவரச் சொல்லி அவர் கையில் சுற்றிப் பார்த்தேன். நூற்றெண்பது! மறுநாளே அவரை ராபர்ட்சன்பேட்டையில் ஒரு டாக்டரிடம் அசோகன் இழுத்துக்கொண்டு போனார். தூசி என்று சொல்லாமல் அவர் செய்த முதல் நல்ல காரியம்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். பெண்கள் பெட்டியில் என் ஜன்னலோரம் காலியாக இருந்தது. உட்கார்ந்ததும் எழுந்து நின்று சொன்னேன், சத்தமாகவே: "நிறுத்துற மாத்திரை கெட்ட மாத்திரை இல்ல. ஆனா நெஞ்சு வலி, பிரஷர், சுகர், கால்ல ரத்தக்கட்டு, ஸ்ட்ரோக், இதுல எதுனா ஒண்ணு இருந்தா டாக்டர கேக்காம தொடாதீங்க. படி ஏறும்போது தாடை வலிச்சா அது பல்லு இல்ல. டாக்டர் இன்னா மாத்திரைன்னு கேட்டா, பூராவும் சொல்லுங்க. வெக்கப்பட்டா செத்துப்போவீங்க." பூக் கட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். மூன்று பேர் அன்றைக்கே என்னிடம் ரகசியமாக வந்து பேசினார்கள். அதில் ஒருத்திக்குத் தாடை வலி இருந்தது. அவள் இப்போது சிகிச்சையில் இருக்கிறாள்.

உடம்பு பழைய உடம்பு இல்லை. லேசாக இடித்துக்கொண்டால் நீலம் பாய்கிறது. பல் தேய்த்தால் நுரை சிவக்கிறது. மாதம் என்று ஒன்று வருவதில்லை. முப்பத்தைந்து வருடம் அதை வைத்துத்தான் காலண்டரே பார்த்தேன். இப்போது தேதிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. ஆரம்பத்தில் இது என்னைக் கலக்கியது. நான் இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறேன்? உறைகிற பக்கமா, வடிகிற பக்கமா? டாக்டரிடம் கேட்டால் நடுவில் என்பார். நடு என்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் ஒரு நாள் காலை டப்பாவுக்கு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தி நழுவி இடது ஆட்காட்டி விரலில் இறங்கியது. ரத்தம் சட்டென்று கொப்பளித்தது. அசோகன் துணியோடு ஓடி வந்தார்.

"அழுத்திப் பிடி! இன்னா பாத்துகினு நிக்கற?"

"ஒரு நிமிஷம் இருங்க."

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாங்கள் ஒரு பரிசோதனை செய்வோம். விரல் நுனியில் குத்தி, அரை நிமிடத்துக்கு ஒரு முறை உறிஞ்சு தாளால் ஒற்றி எடுத்து, ரத்தம் நிற்கும் நேரத்தைக் கணக்கிடுவது. இப்போது அதை யாரும் செய்வதில்லை. உறிஞ்சு தாளுக்குப் பழைய காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒற்றத் தொடங்கினேன். சிவப்பு வட்டம் ஒன்று. அடுத்தது அதே அளவு. அடுத்ததும். நான்காவது நிமிடம், நல்ல உடம்பாக இருந்தால் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஐந்து. ஆறு. ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதியது, என் ரயில்தான்.

"வண்டி போய்டும் விசாகா," என்றார் அசோகன்.

"போகட்டும்."

இருபத்திரண்டு வருடத்தில் எந்த வண்டியையும் நான் இப்படிப் போகவிட்டதில்லை. ஏழு. வட்டம் சிறுத்தது. எட்டு. மிளகளவு. விரல் நுனியில், மாத்திரைகளை எல்லாம் மீறி, யாரையும் கேட்காமல், ஒன்று இன்னொன்றை எழுப்பிக்கொண்டிருந்தது. மெதுவாக. அவசரமே இல்லாமல். அசோகனும் துணியைக் கீழே போட்டுவிட்டு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஒன்பதாவது நிமிடம் தாளை ஒற்றி எடுத்தேன்.

வெள்ளையாக இருந்தது.

"நின்னுடுச்சுங்க!" என்று கத்தினேன். பக்கத்து லைன் வீட்டிலிருந்து என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். தாளை ஜன்னலோரம் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அவர்களுக்கும் காட்டினேன்.